பகலில் எரிந்த வாசல் விளக்கு

எங்கள் வீட்டு வாசலில் ஒரு விளக்குக் கம்பம் நிற்கிறது. பூ வேலைப்பாடு, வளைவு, நெளிவு ஒன்றும் கிடையாது. எட்டடி இரும்புக் குழாய், தலையில் ஒரு வெள்ளை உருண்டை, அதற்கு மேல் மழைக்கு ஒரு தகரக் குடை, கழுத்தோரம் ஒரு சென்சார். இருட்டத் தொடங்கினால் விளக்கு தானே எரியும், விடிந்தால் தானே அணையும். வீடு கட்டியபோது கொத்தனார் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பஸ் ஸ்டாண்டுல வைக்க வேண்டியத வீட்டுல வச்சிருக்கியளே" என்றார். வைத்துவிட்டுப் போகிறேன், உமக்கென்ன என்று கேட்டுவிட்டேன். என் வாய் எப்போதும் அப்படித்தான்.

கம்பம் அழகுக்கு வைத்தது இல்லை. என் வீட்டுக்காரருக்கு மாலைக்கண். அத்தை மகன் என்பதால் சின்ன வயதில் இருந்தே அவர் எனக்கு அத்தான். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆன பிறகும் அத்தான்தான். பகல் வெளிச்சத்தில் பேப்பரின் பொடி எழுத்தைக்கூடப் படித்துவிடுவார். பொழுது சாயத் தொடங்கினால் மரம், மனுஷன், மாடு எல்லாம் ஒன்றாகக் கரைந்து போகும். விழித்திரையில் கோளாறு, சரியாகாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணக்கு வாத்தியார் வேலையை அதனால்தான் முன்கூட்டியே விட்டார். வெளியில் யாராவது காரணம் கேட்டால், "போதும்னு தோணிச்சு" என்பார்.

எங்கள் வீடு பேட்டையைத் தாண்டி, புதிதாக மனை பிரித்த இடத்தில் இருக்கிறது. பஸ் போகும் ரோட்டில் இருந்து உள்ளே திரும்பினால் ஒரே நேர் தெரு. இடது பக்கம் வாய்க்கால், வலது பக்கம் முள்ளும் புதருமாகக் காலி மனைகள், கடைசியில் நாங்கள். தெருவிளக்கு இன்னும் வந்து சேரவில்லை. தெருமுனையில் இருந்து எங்கள் கேட் வரை இருநூற்றுப் பத்து எட்டு. நான் எண்ணவில்லை, கணக்கு வாத்தியார் எண்ணினார். அந்த இருநூற்றுப் பத்து எட்டையும் அவர் விளக்கைப் பார்த்தே நடப்பார். சுற்றிலும் என்ன இருக்கிறது என்று தெரியாது. வெள்ளை உருண்டை மட்டும் தெரியும். அதற்கு நேராக நடந்தால் வாய்க்காலும் இல்லை, முள்ளும் இல்லை.

தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு அத்தான் கிளம்பிவிடுவார். தொழிற்பேட்டைப் பக்கம் லேத் பட்டறைகளுக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே அவரைப் போலவே வேலையை முடித்துக்கொண்ட நாலைந்து பேர் கூடுவார்கள். பாபநாசம் அணையில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர், எந்தக் கல்யாண வீட்டில் சொதிக் குழம்பு நீர்த்துப் போயிருந்தது, எல்லாவற்றுக்கும் அங்கேதான் தீர்ப்பு. ஆறு மணி வாக்கில் சபை கலையும். நாள் முழுக்க பனியனோடு இருக்கிற மனுஷன் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டுவது அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான். கண் விஷயம் அந்தச் சபையில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

டார்ச் லைட் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். "காலடியில மட்டும் வட்டமாத் தெரியும், போற திசை தெரியாது. அதோட, டார்ச்சு அடிச்சுக்கிட்டுப் போனா ஊருக்கே வெளம்பரம்" என்றார். வேலை விட்டு வரும் வழியில் டீக்கடைக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஒருநாள் சொன்னேன். "நான் என்ன எல்.கே.ஜி. பிள்ளையா" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எப்படியும் அது நடக்காத காரியம். டவுணில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. பஸ் பிடித்து வந்து இறங்க ஏழு மணியாகும். ஆக, அத்தான் சட்டை மாட்டி வெளியே போய், தானாக நடந்து வீடு திரும்புவது மொத்தமும் அந்தக் கம்பத்தை நம்பித்தான் இருந்தது.

ஐந்து வருஷம் அது ஒரு குறையும் வைக்கவில்லை. போன வருஷம் ஆயுத பூஜை விடுமுறை முடிந்த கையோடு அதற்குக் கிறுக்குப் பிடித்தது. காலை ஒன்பது மணி வெயிலில் விளக்கு ஜெகஜோதியாக எரிகிறது. மத்தியானம் எரிகிறது. நான் வேலைக்குப் போகும்போதும் எரிகிறது, வரும்போதும் எரிகிறது.

பகலில் வாசல் விளக்கு எரிந்தால் எங்கள் பக்கத்தில் அது அந்த வீட்டுச் சமாச்சாரம் மட்டும் இல்லை. பால்காரர் சொன்னார். கீரை விற்கிற அம்மா கூடையை இறக்காமலேயே சொன்னார். பின் தெருவில் இருக்கிற மதினி, எங்களுக்கு உறவு இல்லை, பழக்கத்தில் மதினி, மாடியில் துணி காயப்போட்டபடி, "பட்டப் பகல்ல லைட்டப் போட்டு வச்சிருக்கியளே, எதையும் தொலச்சிட்டியளா" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த உருண்டையைக் கல்லால் அடித்திருப்பேன்.

முந்தின வாரம் நல்ல இடி. இடி வாங்கி சென்சார் செத்துப்போயிற்று என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எரியட்டும், அணையாமல் இருந்தால் அத்தானுக்கு நல்லதுதானே என்று விட்டிருக்கலாம். விடவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் வீட்டுக்குள் இருக்கிற சுவிட்சை அணைத்துவிடுவேன். "சாயங்காலம் கெளம்பும்போது மறக்காமப் போட்டுட்டுப் போங்க அத்தான்" என்று சொல்லி வைத்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் அப்படியே ஓடியது.

அப்புறம் ஒரு நாள், டீக்கடைச் சபையில் ஒருவர் ஸ்கூட்டரோடு வாசலில் வந்து நின்று, "ஏறும் வே, நேரமாச்சு" என்று அவசரப்படுத்தியிருக்கிறார். அத்தானும் செருப்பை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டார். சுவிட்ச் போடவில்லை.

அன்றைக்கு நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஏழு பத்து. தெருமுனையில் அத்தான் நின்றுகொண்டிருந்தார். காதில் போன். "ம்... ஆமா... அப்படித்தான் வச்சுக்கிடணும்" என்று பேசிக்கொண்டிருந்தார். யாரோ பழைய மாணவன் போல என்று நினைத்து, பேசி முடிக்கட்டும் என்று தள்ளி நின்றேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் போன் மணியடித்தது.

அத்தான் போனைக் காதில் இருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி காதில் வைப்பதா, பையில் போடுவதா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். தெருவுக்குள் பார்த்தேன். எங்கள் வீடு இருக்கிற இடம் கும்மிருட்டு. முக்கால் மணி நேரமாக அங்கேயே நின்றிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரோட்டில் போகிறவர்கள் கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே, அதற்குத்தான் போன். ஒன்றையும் கவனிக்காதவள் மாதிரி, "இந்த பஸ்ஸுக்காரன் இருக்கானே, ஒவ்வொரு ஸ்டாப்புலயும் குடித்தனம் நடத்துதான்" என்று சத்தமாகத் திட்டிக்கொண்டே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு போன் வந்துச்சு" என்றார். "பேசி முடிச்சாச்சுல்லா, வாங்க" என்றேன்.

மறுநாள் அவர் டீக்கடைக்குப் போகவில்லை. மழை வரும் போல இருக்கிறது என்றார். அதற்கு மறுநாள் குதிகால் வலி. அப்புறம், "அங்க பேசதுக்கு என்ன இருக்கு, அதே அணை, அதே அடி" என்றார். நான் சுவிட்சைப் பகலிலும் அணைக்காமல் விட்டுப் பார்த்தேன். அப்படியும் போகவில்லை. "எரியும்தான். வர்ற நேரத்துல எரியும்னு என்ன நிச்சயம்? கெட்டுப்போன சாமான நம்பி எறங்க முடியுமா?" என்றார். இஸ்திரி போட்ட சட்டை ஆணியிலேயே தொங்கியது. நான் வீடு திரும்பும்போது டிவி முன்னால் பனியனோடு உட்கார்ந்திருப்பார். டிவி ஓடும், அவர் பார்க்க மாட்டார். வீட்டுக்குள் இப்படி அடங்கிப்போகிற ஆள் மறுபடி கிளம்புவது கஷ்டம் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பெரியப்பா ஒருவர் அப்படித்தான் முதலில் சாயங்கால நடையை விட்டார், அப்புறம் வாசலை விட்டார், அப்புறம் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டேன். "நாளைக்குக் காலைல மொத வேல ஒங்க வேலதாங்க்கா" என்றார். நாளைக் காலை வந்தது, போனது. மறுபடி போட்டேன். "இந்தா கெளம்பிட்டேங்க்கா, பாலத்துல நிக்கேன்" என்றார். எந்தப் பாலம் என்று நான் கேட்கவில்லை. ஐந்தாவது நாளும் அவர் பாலத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு நூலகத்தில் ஆயிரக்கணக்கான புத்தகத்தை எண் போட்டு அடுக்கத் தெரிந்தவளுக்கு மூன்று வயரைச் சேர்க்கத் தெரியாதா என்று ரோஷம் வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கீழ ரதவீதிப் பக்கம் இருக்கிற ஒரு எலக்ட்ரிகல் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்தார். சென்சார் வேண்டும் என்றேன்.

"எத்தன லைட்டுக்கு?"

"ஒண்ணே ஒண்ணு."

"ஒத்த லைட்டுக்கு எதுக்குக்கா சென்சாரு? ஒரு சுவிட்சப் போட்டா பைய அமுக்கிட்டுப் போறிய."

"அமுக்க அந்த நேரத்துக்கு ஆளில்ல அண்ணாச்சி."

"ஏன், அண்ணன் வீட்ல இல்லையா?"

"அவியளுக்குத்தான் சென்சாரு" என்றேன். அண்ணாச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தார். மேற்கொண்டு கேட்காமல் எடுத்து வைத்தார். உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளை டப்பா, ஒரு முகத்தில் கண் மாதிரி கண்ணாடி வட்டம், பின்னால் மூன்று வயர்.

"கறுப்பு உள்ள வார கரண்டுக்கு. செவப்பு லைட்டுக்கு. வெள்ள நியூட்ரலுக்கு. மாத்திக் குடுத்துட்டு, கெட்டுப் போயிட்டுன்னு எங்கிட்ட வரக் கூடாது, பாத்துக்கிடுங்க. எலக்ட்ரீசியன வச்சே மாட்டிருங்க."

"எலக்ட்ரீசியன் வருவாருன்னா நான் எதுக்கு இங்கன வந்து நிக்கேன்" என்றேன். அண்ணாச்சி சிரித்துவிட்டு, ஒட்டுகிற டேப் ஒரு சுருளையும் கூடச் சேர்த்துப் பையில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, நல்ல வெயில். பின் தெரு மதினி வீட்டில் வெள்ளையடிப்பு முடிந்திருந்ததால் ஏணி கிடைத்தது. ஏணியைப் பிடிக்க அத்தான். வெயிலில் அவருக்குக் கண் பிரச்சினை இல்லை. கரண்டுதான் பிரச்சினை. மூன்று இலக்கப் பெருக்கலை மனதிலேயே போடுகிறவர், பிளக்கைப் பிடுங்கக்கூட என்னைக் கூப்பிடுவார்.

"ஏளா, மெயின ஆஃப் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

நான் இரண்டு படி ஏறினேன். "நெசமாவே பண்ணிட்டியா?" என்றார். பண்ணிவிட்டேன் அத்தான் என்றேன். மூன்றாவது படியில் கால் வைத்தபோது, இரு என்று சொல்லி, ஏணியை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய், ஃபேன் நின்றிருக்கிறதா, ஃபிரிட்ஜ் சத்தம் நின்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். அவர் வரும்வரை நான் பிடிமானம் இல்லாத ஏணியில் நின்றேன். கரண்டில் சாகாமல் காப்பாற்றக் கீழே தள்ளிக் கொல்லப் பார்த்தீர்களே என்றேன். அவர் டப்பாவோடு வந்த தாளை விரித்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழாக்கி வாசிக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணு. மின்சாரத்தத் துண்டிக்கவும்."

"துண்டிச்சாச்சு."

"ரெண்டு. வயர்களோட நிறத்தக் கவனிக்கவும்."

"அதான் கடையிலயே சொல்லிட்டாவளே."

"மூணு. ஈரம் படாத எடத்துல பொருத்தவும். நாலு..."

"அத்தான், பரீட்சை ஹால்ல கேள்வித்தாள் வாசிக்க மாதிரி வாசிக்காதீங்க. எனக்குத் தெரியும். ஏணியப் பிடிங்க."

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் பழைய சென்சாரைக் கழற்றினேன். அதன் முகத்தில் காய்ந்த ஏதோ ஒன்று பொருக்குத் தட்டிப் படிந்திருந்தது. காக்கா எச்சம் என்று முகத்தைச் சுளித்து, கீழே இருந்த வாளியில் போட்டேன். கறுப்பைக் கறுப்போடு, சிவப்பைச் சிவப்போடு, வெள்ளையை வெள்ளையோடு முறுக்கி டேப் சுற்றினேன். புதிய டப்பாவைக் கம்பத்தில் பொருத்துகிற பட்டையை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். வெளிச்சம் வானத்தில் இருந்துதானே வருகிறது, வானத்தைப் பார்க்கட்டும் என்று கண்ணை மேலே பார்க்க வைத்து இறுக்கினேன்.

அத்தான் பயந்து பயந்து மெயினைப் போட்டுவிட்டு வந்தார். நான் சென்சாரின் கண்ணை உள்ளங்கையால் பொத்தினேன். இருட்டு என்று நினைத்து விளக்கு எரிய வேண்டும். பத்து எண்ணினேன். எரியவில்லை. "கடைக்காரன் ஏமாத்திட்டான், அத்தான்" என்று கையை எடுக்கப் போனேன்.

"எடுக்காத, எடுக்காத. பைய. அதுக்கு யோசிக்க நேரம் வேணும்லா. நான் எண்ணுதேன்."

எண்ணினார். வகுப்பில் எண்ணுவது போல, ஒவ்வொன்றுக்கும் சமமான இடைவெளி விட்டு. இருபது, முப்பது. எனக்குத் தோள் வலித்தது. நாற்பத்து மூன்று என்றபோது என் தலைக்கு மேலே விளக்கு எரிந்தது. கீழே அத்தான் ஏணியை விட்டுவிட்டுக் கை தட்டினார். ஒரே காலைப் பொழுதில் இரண்டாம் தடவை நான் கீழே விழப் பார்த்தேன், இருந்தும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எத்தனையோ நாளுக்கு அப்புறம் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு பேரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நடவு முடிந்த வயலில் தவளைகள் ஆரம்பித்தன. ஆறு பத்துக்கு விளக்கு தானே எரிந்தது. அத்தான் என் பக்கம் திரும்பினார். பாராட்டப் போகிறார் என்று நான் தயாரானேன். அதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்தது. மதினி மாடியில் இருந்து எட்டிப் பார்த்து, "யாருக்குக் கண்ணடிக்கு ஒங்க லைட்டு" என்றாள்.

அத்தான் வீட்டுக்குள் போய், டியூப்லைட் வெளிச்சத்தில் அந்தத் தாளை விரித்து வாசித்தார். "நாலு. விளக்கின் ஒளி நேரடியாகக் கண்ணில் படாதபடி திருப்பி வைக்கவும்." வாசித்துவிட்டு மடித்தார். எரிந்ததும் சென்சார் தன் தலைக்கு மேலே இருக்கிற விளக்கைப் பார்த்து விடிந்துவிட்டது என்று அணைக்கிறது, அணைந்ததும் இருட்டிவிட்டது என்று எரிக்கிறது. நாலாவது வரியை வாசிக்க விட்டிருந்தால் இந்தக் கூத்து இல்லை. அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக ஏறி, கண்ணை ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்தேன். இறங்கி வரும்போது வாளியில் கிடந்த பழைய சென்சார் கண்ணில் பட்டது. தூக்கிப் போட மனசில்லாமல் குழாயடியில் காட்டிக் கழுவினேன். காக்கா எச்சம் தண்ணீர் பட்டதும் கரைந்தது. மஞ்சளாகக் கரைந்தது. நடுவில் சிவப்பு. விரலை மூக்கில் வைத்துப் பார்த்தேன். சந்தன வாசம்.

குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றேன். ஆயுத பூஜை அன்று காலையில் சந்தனக் கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றி வந்தது ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் அது என் பொறுப்பு. மிக்ஸி, கிரைண்டர், தையல் மிஷின், மோட்டார் ரூம் கதவு, மீட்டர் பெட்டி, அத்தானின் கால்குலேட்டர் வரைக்கும் பொட்டு வைத்தாயிற்று. கடைசியாக வாசலுக்கு வந்து, நமக்கு இவ்வளவு உழைக்கிற இதற்கு இல்லாமலா என்று ஸ்டூல் போட்டு ஏறி, அந்த டப்பாவில் பொட்டு வைக்க வாகாக வட்டமாக ஒரு இடம் இருக்கக் கண்டு, சந்தனத்தை அள்ளி அப்பி, நடுவில் குங்குமமும் வைத்து, கும்பிட்டுவிட்டு இறங்கினேன். என் கை எப்போதும் தாராளம். தகரக் குடை இருந்ததால் மழைக்கும் கரையவில்லை. கண்ணை நான் மூடிவிட்டேன், அது பாவம் இருபத்து நாலு மணி நேரமும் ராத்திரி என்று நம்பி எரிந்திருக்கிறது. இதற்கு இடியைத் திட்டினேன், எலக்ட்ரீசியனைத் திட்டினேன், என்னால் ஒரு மனுஷன் தெருமுனையில் முக்கால் மணி நேரம் பேசாத போனில் பேசிக்கொண்டு நின்றான். குற்ற உணர்ச்சியில் அன்றைக்கு எனக்குக் காலைச் சாப்பாடு இறங்கவில்லை.

"பழசு எங்க?" என்று அத்தான் கேட்டார்.

"செத்துப் போச்சு" என்றேன். துடைத்து, புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். இதுவரை அவரிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை, விடிந்ததும் அணைந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. அத்தான் இரண்டு நாளும் வாசலில் உட்கார்ந்து அதைப் பரீட்சை வைத்துக்கொண்டே இருந்தார். புதன்கிழமை நான் வேலைக்குக் கிளம்பும்போது, "இன்னைக்குப் போயிட்டு வரலாம்னு பாக்கேன்" என்றார். "போங்க, போங்க. அணை நெறஞ்சு வழியுதாம், தீர்ப்பு சொல்ல ஆளில்லாம இருக்கும்" என்றேன்.

நூலகத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதிய சென்சார் இன்றைக்குப் பார்த்துப் பழுதானால் என்ன செய்வது? இன்னொரு தடவை அந்த மனுஷனைத் தெருமுனையில் நிறுத்தினால் அப்புறம் எந்த விளக்கைக் காட்டியும் வெளியே அனுப்ப முடியாது. தலைவலி என்று சொல்லி முன்னாலேயே கிளம்பி, ஆறு மணிக்குத் தெருமுனையில் இறங்கினேன். வீட்டுக்குப் போகவில்லை. விளக்கு எரியாவிட்டால், இப்போதுதான் பஸ்ஸில் இருந்து இறங்கினேன் என்று சொல்லி அவரோடு சேர்ந்து நடந்துவிடலாம் என்பது என் திட்டம். வாய்க்கால் ஓரத்துப் பூவரச மரத்தடியில் நின்றேன். ஆறு பத்துக்கு எங்கள் வாசலில் விளக்கு எரிந்தது. பத்து நிமிஷம் போனது, அசையாமல் எரிந்தது. எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. போய்விடலாம் என்று நினைக்கும்போது அத்தான் வந்துவிட்டார்.

இஸ்திரி போட்ட நீலச் சட்டையில், கையை வீசிக்கொண்டு, பஸ் ரோட்டில் இருந்து தெருவுக்குள் திரும்பினார். திரும்பிய இடத்தில் நின்று நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார். நான் நின்றது அவருக்கு இரண்டு எட்டு தூரம். என்னைப் பார்த்துவிட்டார், மாட்டிக்கொண்டேன், என்ன சொல்லிச் சமாளிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது முழங்கையில் கொசு கடித்தது. பட்டென்று அடித்தேன்.

"யாரு?" என்றார் அத்தான், சத்தம் வந்த பக்கம் திரும்பி. என் முகத்துக்கு நேரே பார்த்தார். "கொசு ரொம்பக் கெடக்குல்லா அண்ணாச்சி. இங்கன நிக்காதிய, காச்சல் வந்துரும்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இரண்டு எட்டு தூரத்தில் நிற்கிற பெண்டாட்டியைத் தெரியவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடும். எனக்கும் அது அதுவரை தெரியாது. மரமும் மாடும் கரைந்துபோகும் என்று தெரியும், அந்த வரிசையில் நானும் இருப்பேன் என்று நினைத்ததில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றேன்.

பதில் வராததால் வழி தெரியாமல் நிற்கிற ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். "வீடு எதும் தேடுதியளா? இந்தத் தெருவுல ஒரே வீடுதான். அந்தா எரியுதுல்லா லைட்டு, அது நம்ம வீடு" என்று கையை நீட்டிக் காட்டினார். சரியாகக் காட்டினார். "கெட்டுப்போயிருந்துச்சு. எங்க வீட்டுக்காரிதான் ஏணி போட்டு ஏறி மாட்டுனா, ஆளு கீளு வைக்கல. அவ இல்லைன்னா நான் வெளிய எறங்க முடியுமா? கெட்டிக்காரி அண்ணாச்சி."

சொல்லிவிட்டு, "வாரேன்" என்று நடந்துவிட்டார்.

இருபத்தெட்டு வருஷத்தில் என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. டீக்கடைச் சபைக்குத் தெரியக் கூடாத கண் விஷயத்தை, பாதியாவது, முகம் தெரியாத ஒரு அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுப் போகிறார், என்னைப் பாராட்ட வேண்டும் என்பதற்காக. எனக்கு அழுகை வந்தது, சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவர் தெருவின் நடுவில், வாய்க்கால் பக்கமும் சாயாமல், முள் பக்கமும் சாயாமல், நேராக நடந்தார். நானும் மனசுக்குள் எண்ணினேன். இருநூற்று ஏழாவது எட்டில் கம்பத்தைக் கையால் தொட்டார். கேட்டைத் திறந்து உள்ளே போனார்.

நான் வழக்கமாக வருகிற பஸ் வரும் வரைக்கும் அங்கேயே கொசுக்கடியில் நின்றேன். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அத்தான் சட்டையைக் கழற்றாமல் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பஸ்ஸுல கூட்டமா?" என்றார்.

"நிக்க எடமில்ல" என்றேன்.

அண்ணாந்து விளக்கை ஒரு பார்வை பார்த்தார். "பரவால்ல, எரியுது" என்றார்.